மொறிஸ் மைனருக்கு டட்சன் பின் அக்சில்: பிரேக் என்ன ஆகும்?

நல்லூர் மைனர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000. அப்பா வாங்கியது, பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடப் பழகிய யாழ்ப்பாணத்துக் கார்களில் அதுவும் ஒன்று. 948 சீ.சீ. இயந்திரம் ஒயில் குடிக்கத் தொடங்கியபின், நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், டட்சன் சனியின் 1171 சீ.சீ. ஏ12 இயந்திரத்தையும் அதனுடைய கியர்பொக்ஸையும் பொருத்தி, பதிவுப் புத்தகத்திலும் அந்த மாற்றத்தைப் பதிந்துவிட்டோம். இயந்திரம் இன்றுவரை ஒரு தொந்தரவும் தரவில்லை. தொந்தரவு பின்பக்கத்தில்தான் தொடங்கியது.

37 குதிரைவலுவுக்கென்று செய்யப்பட்ட பின் அக்சிலால், அதாவது பின்சில்லுகளைச் சுழற்றும் அச்சால், புதிய இயந்திரத்தின் இழுவையைத் தாங்க முடியவில்லை. முதல் முறை வீட்டு வாசலில் அக்சில் சாஃப்ட் முறிந்தது. இரண்டாம் முறை, கொடிகாமத்தில், ஏ9 வீதியில் பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்க, முதலாம் கியரில் எடுத்த கணத்திலேயே "டக்" என்று முறிந்தது. அதன்பிறகுதான் பழைய டட்சன் சனி பீ310 ஒன்றிலிருந்து கழற்றிய முழு அக்சிலையும் வாங்கினேன். அக்சிலின் நடுவிலுள்ள பற்சில்லுப் பெட்டியான டிபரென்ஷலைத் திறந்து பற்களை எண்ணிப் பார்த்தபோது, மைனரில் 41க்கு 9 ஆக இருந்தது, டட்சனில் 35க்கு 9 ஆக இருந்தது. அதாவது 4.55 விகிதம் 3.89 ஆகக் குறைகிறது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,280 சுற்றில் அலறிய இயந்திரம், டட்சனின் பின்சில்லுகள் சற்றுச் சிறியவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இனி 2,900 சுற்றளவில் ஓடும். கொழும்புக்குப் போய்வருகிறவனுக்கு இது பெரிய விடயம்.

ஸ்பிரிங் தகடுகள் அமரும் இடங்களை வெட்டி, மைனரின் அளவுக்கு மறுபடி ஒட்டி, அக்சிலை ஏற்றியாயிற்று. வேலை செய்த கராஜில், "டட்சன் டிரம் பெரிது, அதனால் பிரேக் முன்னையதைவிட நன்றாகவே பிடிக்கும்" என்றார்கள். (டிரம் என்பது சில்லோடு சுற்றும் இரும்புக் கிண்ணம், பிரேக் சப்பாத்துகள் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும்.) பிடிக்கத்தான் செய்தது. கடந்த வாரம் மாலையில், காய்ந்த தார் வீதியில், 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும்போது வேலியோரத்திலிருந்து ஒரு மாடு குறுக்கே இறங்கியது. மிதித்தேன். பின்பக்கம் இடப்புறமாகச் சுழன்று, கார் வீதிக்குக் குறுக்காக நின்றது. மாட்டுக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாக இந்தக் காரை ஓட்டுகிறேன். ஒருநாளும் அது இப்படி வாலை ஆட்டியதில்லை.

கராஜில் கேட்டால், பின் ரயர்கள் பழசு, மாற்றுங்கள் என்கிறார்கள். ரயரா, அக்சிலா? முன் பிரேக்கில் நாங்கள் கை வைக்கவேயில்லை. அது பழைய ஏழு அங்குல டிரம்தான்.

பழைய பட்டறை எழுதியது:

தம்பி, முன் பிரேக்கில் கை வைக்கவில்லை என்று கடைசி வரியில் எழுதினீர்கள் பாருங்கள், அதை நான் முதல் வரியாகப் படிக்கிறேன். ஒரு காரின் பின் அக்சிலை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் பல் விகிதத்தையும் சாஃப்டின் தடிப்பையும் பார்த்துத்தான் மாற்றுகிறார்கள். அந்த அக்சிலோடு சேர்ந்து வரும் பிரேக், வேறொரு காரின் முன் பிரேக்குக்குத் துணையாக அளந்து செய்யப்பட்டது என்பதை யாரும் நினைப்பதில்லை. டட்சன் சனி மைனரைப் போல அல்ல. அதன் முன்சில்லுகளில் டிஸ்க், அதாவது இருபுறமும் கவ்விப் பிடிக்கும் தட்டு, இருந்தது, அந்த டிஸ்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் பின் டிரம் அளவானது.

ஆனாலும் உடனே தீர்ப்புச் சொல்லமாட்டேன். முதலில் இரண்டு பின் டிரம்களையும் கழற்றுங்கள். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாருங்கள். கியர் ஒயிலின் மணத்தை ஒருமுறை முகர்ந்தவன் மறக்கமாட்டான். அக்சில் குழாயின் நுனியிலுள்ள சீல் தேய்ந்திருந்தாலோ, அக்சிலின் மூச்சுத்துளை வெல்டிங் பொடியாலோ பெயின்ராலோ அடைபட்டிருந்தாலோ, உள்ளே சூடேறும் காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் அது ஒயிலைச் சீல் வழியே தள்ளி, சப்பாத்தின் மேல் ஒட்டியுள்ள லைனிங்கை நனைத்துவிடும். ஒரு பக்க லைனிங் நனைந்து மறுபக்கம் காய்ந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுபடும். நனைந்த லைனிங் கறுத்து, கண்ணாடிபோல மினுங்கும். அதை அரத்தால் தேய்த்துத் திரும்பப் போடச் சொல்லுகிறவனிடம் போகாதீர்கள், மாற்றத்தான் வேண்டும். உங்கள் அக்சிலில் வெல்டிங் நடந்திருக்கிறது என்பதால் மூச்சுத்துளையைக் கட்டாயம் பாருங்கள்.

இரண்டாவது, பிரேக் குழாய்கள். மைனரின் குழாய் நட்டுக்கு 3/8 அங்குலத்தில், அங்குலத்துக்கு 24 மரை. டட்சனில் 10 மில்லிமீற்றருக்கு 1 மில்லிமீற்றர் மரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்குல நட்டு மில்லிமீற்றர் துளைக்குள் கொஞ்சம் தளர்வாக இறங்கி, மூன்று நான்கு சுற்றில் இறுகியதுபோலப் பாவனை செய்யும். அழுத்தம் ஏறும் நாளில் மரை உரிந்துகொண்டு வரும். உங்கள் காரில், மிதிக்கும்போது அழுத்தத்தை உண்டாக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சில்லுக்கும் ஒரே பாதைதான், எனவே பின்னால் ஓர் இணைப்பு விட்டால் முன்னாலும் பிரேக் இராது.

மூன்றாவது, உடலிலிருந்து அக்சிலுக்கு இறங்கும் றப்பர் குழாய். காரை உயர்த்தி அக்சிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். குழாய் விறைத்து நின்றால் நீளம் போதாது.

இவை மூன்றையும் பார்த்துவிட்டு, டிரம்மின் உள்விட்டத்தையும் சப்பாத்தைத் தள்ளும் வீல் சிலிண்டரின் துளையையும் வேர்னியர் அளவுகோலால் அளந்து இங்கே எழுதுங்கள். கழற்றிய மைனர் அக்சிலை இரும்புக்காரனுக்குக் கொடுத்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதையும் அளக்க வேண்டும்.

நல்லூர் மைனர் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போனது. லைனிங் இரண்டு பக்கமும் காய்ந்துதான் இருந்தது. மூச்சுத்துளை பாதி அடைபட்டிருந்தது, கம்பியால் குத்தித் திறந்துவிட்டேன். வலப்பக்கக் குழாயில் நீங்கள் சொன்னது அச்சொட்டாக இருந்தது: பழைய மைனர் குழாயை டட்சன் சிலிண்டரில் திணித்து இறுக்கியிருக்கிறார்கள். கையால் அசைத்தபோது நட்டு ஆடியது. கழற்றியபோது முதல் இரண்டு மரைகளும் வெள்ளி நூலாக உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டன. அதை வைத்துக்கொண்டு சாவகச்சேரிவரை போய்வந்திருக்கிறேன் என்பதை நினைக்க இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அளவுகள்: டட்சன் டிரம் 203 மில்லிமீற்றர், வீல் சிலிண்டர் 20.6 மில்லிமீற்றர். பழைய மைனர் டிரம் 178, வீல் சிலிண்டர் 19. பின்சில்லுகள் டட்சனுடையவை, 13 அங்குலத்தில் 155 மில்லிமீற்றர் அகல ரயர். முன்சில்லுகள் மைனரின் 14 அங்குலம், அதிலும் 155. சில்லுத் துளைகள் பொருந்தாததால் வேறு வழியிருக்கவில்லை: மைனரில் நான்கு துளைகளும் 101.6 மில்லிமீற்றர் வட்டத்தில், டட்சனில் 114.3இல். இதனால் இப்போது இரண்டு ஸ்பெயார் சில்லுகளைக் கொண்டு திரிகிறேன்.

கணக்குப் பிள்ளை எழுதியது:

இந்த அளவுகள் கிடைத்தபிறகு ஊகத்துக்கு இடமில்லை, கணக்கே சொல்லிவிடும். பிரேக் சப்பாத்துகள் இரண்டு கார்களிலும் ஒரே விதமாக அமைந்தவை, லைனிங்கும் ஒரே தரம் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

மிதிக்கும்போது பிரேக் ஒயிலின் அழுத்தம் நான்கு சில்லுக்கும் ஒன்றுதான். அந்த அழுத்தத்தை விசையாக மாற்றுவது வீல் சிலிண்டரின் பரப்பளவு. 19.05 மில்லிமீற்றர் துளைக்குப் பரப்பளவு 285 சதுர மில்லிமீற்றர், 20.64க்கு 335. எனவே சப்பாத்தைத் தள்ளும் விசை 17 சதவீதம் கூடிவிட்டது. அந்த விசை சில்லின் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் வேலை செய்கிறது என்பது டிரம்மின் அளவு: 178இலிருந்து 203க்கு, இன்னுமொரு 14 சதவீதம். கடைசியாக ரயர். 14 அங்குல ரயரின் விட்டம் 604 மில்லிமீற்றர், 13 அங்குலத்தினது 578. சிறிய ரயரில் அதே முறுக்குவிசை வீதியில் 4 சதவீதம் கூடுதல் இழுவையாக இறங்கும். மூன்றையும் பெருக்கினால் 1.4. உங்கள் காலின் அதே மிதிக்குப் பின்சில்லுகள் முன்னரைவிட 40 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கின்றன. முன்சில்லுகளோ 1959இல் பிடித்ததைப் போலவே பிடிக்கின்றன.

கூடுதலாகப் பிடிப்பது நல்லதுதானே என்று கராஜில் கேட்டிருப்பார்கள். அங்கேதான் சிக்கல். பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னோக்கிச் சாயும். மைனரின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் 2.18 மீற்றர். ஓட்டுநருடன் 850 கிலோ என்றும், நிற்கும்போது முன்னால் 440, பின்னால் 410 என்றும், பாரமையத்தின் உயரம் 52 சென்ரிமீற்றர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பின் 0.6 மடங்கு அளவுக்கு, அதாவது 0.6 ஜீ அளவுக்கு, வேகத்தைக் குறைத்தால் 121 கிலோ பின்னிலிருந்து முன்னுக்குப் போய்விடும். பின்னால் மிஞ்சுவது 289 கிலோ, அதாவது மொத்தத்தில் 34 சதவீதம். 0.8 ஜீ என்றால் 29 சதவீதம். கடுமையாக மிதிக்க மிதிக்கப் பின்சில்லுகள் வீதியைப் பற்றிக்கொள்ளும் பலம் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் டிரம் அதை அறியாது, தன் பங்கைப் பிடித்துக்கொண்டேயிருக்கும்.

பழைய அமைப்பில் மொத்தப் பிரேக்கில் பின்பங்கு 28 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், 0.85 ஜீ வரை முன்சில்லுகளே முதலில் பூட்டுப்படும், அதாவது சுற்றாமல் நின்று வழுக்கும். அந்த ஒடுங்கிய ரயர்களைக் கொண்டு காய்ந்த வீதியில்கூட அந்த அளவை எட்டுவது அரிது. அதனால்தான் முப்பது ஆண்டுகளாக வால் ஆடவில்லை. இப்போது பின்பங்கை 1.4ஆல் பெருக்கி, கூடிய மொத்தத்தில் பார்த்தால் அது 35 சதவீதமாகிறது, எல்லை 0.54 ஜீக்கு இறங்கிவிடுகிறது. மாட்டுக்காக நீங்கள் மிதித்த மிதி அதைத் தாண்டியிருக்கும். முன்சில்லு பூட்டுப்பட்டால் கார் நேரே வழுக்கும், ஸ்டியரிங் கேட்காது, காலை எடுத்தால் மீண்டுவிடும். பின்சில்லு முதலில் பூட்டுப்பட்டால் அது பக்கவாட்டுப் பிடியை இழந்து முன்சில்லை முந்தப் பார்க்கும். அரை நொடிக்குள் கார் திரும்பிவிடும், காலை எடுப்பதற்கு அவகாசம் இராது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மழை பெய்து வழுக்கும் வீதியில், ரயரின் பிடியே 0.4 ஜீ அளவில் நின்றுவிடும் நேரத்தில், உங்கள் கார் பழையபடி முன்சில்லைத்தான் முதலில் பூட்டும். ஆகவே மழையில் மெதுவாக ஓட்டிப் பார்த்து "எல்லாம் சரி" என்று கராஜில் சொல்லியிருந்தால் அவர்கள் பொய் சொல்லவில்லை. காய்ந்த வீதியில் முழுப் பலத்தோடு மிதிக்கும் நாளுக்காகத்தான் கோளாறு காத்திருந்தது. ரயர் பழசு என்பதும் ஒரு பகுதி உண்மையாக இருக்கலாம். ஆனால் புது ரயர் போட்டாலும் பங்கு மாறாது.

இனி, செய்யவேண்டியது. பின் வீல் சிலிண்டரைச் சிறிதாக்குங்கள். 17.46 மில்லிமீற்றர், அதாவது 11/16 அங்குலத் துளையுள்ள சிலிண்டர் ஜப்பானியச் சிறு கார்களில் பரவலாக உள்ளது. அதன் பரப்பளவு 239. அதை 285ஆல் வகுத்து, டிரம்முக்கும் ரயருக்கும் உரிய பெருக்கங்களைச் சேர்த்தால் விடை 1.00 என்று வருகிறது. இவ்வளவு துல்லியமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பின்தட்டில் அது அமரும் துளையும் சப்பாத்தின் நுனி பொருந்தும் காடியும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பின்னுக்குப் போகும் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு வால்வைப் போடும் வழியும் உண்டு. முன்சில்லுகளுக்குப் பிரியும் சந்திக்கு அப்பால், பின்னுக்கு மட்டும் போகும் பகுதியில் அது வரவேண்டும். எனக்கு அந்த வழியில் அவ்வளவு விருப்பமில்லை. திருகக்கூடிய எதையும் யாராவது ஒருநாள் திருகிவிடுவார்கள்.

வெள்ளவத்தை வேகன் எழுதியது:

இவ்வளவு கணக்கு எதற்கு? பின்னாலும் டிஸ்க் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. டிரம் என்பது போன நூற்றாண்டுச் சாமான். டிஸ்கைக் கவ்வும் கலிப்பரும் டிஸ்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சோடியாகக் கிடைக்கின்றன. தாங்கியை லேத்தில் வெட்டிக் கொடுக்கிறார்கள். என் நண்பனின் காரில் போட்டிருக்கிறான், தொட்டால் நிற்கிறது.

பழைய பட்டறை எழுதியது:

தொட்டால் நிற்பது எந்தச் சில்லு என்பதுதான் கேள்வி. முன்னால் ஏழு அங்குல டிரம்மை வைத்துக்கொண்டு பின்னால் டிஸ்க் போடுவது, நோய் இருக்கும் பக்கத்திலேயே மருந்தை இரட்டிப்பாக ஊற்றுவது போன்றது. டிஸ்குதான் ஆசை என்றால் அதை முன்னால் போடுங்கள், நானே வந்து உதவுகிறேன்.

பின் டிஸ்கில் நான் கண்ட வேறு சங்கடங்களும் உண்டு. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தளத்துக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒயில் ஊற்றக் கம்பளத்தைத் தூக்கித் தளத்திலுள்ள மூடியைத் திறக்க வேண்டும். அது டிரம்முக்கென்று செய்யப்பட்டது, உள்ளே சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. டிஸ்குக்கு அந்த அழுத்தம் ஆகாது, டிஸ்கை அழுத்தும் பாட் எப்போதும் உரசிக்கொண்டு சூடேறும். வால்வைக் கழற்றினாலோ, மாஸ்டர் சிலிண்டர் கலிப்பரைவிடப் பள்ளத்தில் இருப்பதால், ஒயில் திரும்பி வடிந்து, முதல் மிதி வெறுமையாகப் போகலாம். அதற்கென்று மிகக் குறைந்த அழுத்தத்தைத் தேக்கும் வேறு வால்வைத் தேடவேண்டும். இது போக, அக்சில் சாஃப்டின் பெயாரிங்கில் சற்று ஆட்டம் இருந்தால், ஒவ்வொரு வளைவிலும் டிஸ்க் அசைந்து பாட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வளைவு முடிந்து பிரேக்கை மிதித்தால் பெடல் பாதி தூரம் வெறுமனே இறங்கும். டிரம்மில் இந்த ஆட்டம் பெரிதாகத் தெரியாது.

ஹாண்ட் பிரேக்கையும் மறந்துவிடக்கூடாது. டிரம்மில் சப்பாத்து சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். டிஸ்குக்கு அந்தக் குணம் இல்லை, அதனால் கையால் இழுக்கும் சிறு விசைக்கு அது நன்றாகப் பிடிக்காது. நல்லூர்த் தம்பி, உங்கள் ஹாண்ட் பிரேக் இப்போது எப்படி? மைனரில் லீவரிலிருந்து இரண்டு கேபிள்கள், சில்லுக்கு ஒன்றாகப் போகும். டட்சன் அக்சிலில் ஒரே கேபிள் வந்து அக்சிலில்தான் இரண்டாகப் பிரியும். இரண்டையும் ஒட்டிப்போட்டவர்கள் சமமாக இழுக்கிறதா என்று பார்த்தார்களா?

ஹற்றன் ஓட்டுநர் எழுதியது:

நான் மலைநாட்டில் வாகனம் ஓட்டிப் பிழைக்கிறவன். என்னிடமும் ஒரு மைனர் இருக்கிறது, அது 1098 சீ.சீ., 38க்கு 9 பல். யாழ்ப்பாணம் தட்டையான ஊர் என்பதால் இங்கு யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்.

பல் விகிதத்தை 4.55இலிருந்து 3.89 ஆக்கியதும் இயந்திரத்தின் பிடியும் குறைந்துவிட்டது. இறக்கத்தில் கால் எடுத்ததும் இயந்திரம் காரைப் பின்னால் இழுத்துப்பிடிக்கும் அந்தப் பலம், சிறிய பின்சில்லுகளைக் கணக்கில் எடுத்தாலும், அதே கியரில் 10 சதவீதமாவது குறையும். சுற்றும் குறைவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடக் குறையும். கொழும்பு வீதியில் இலாபமாகத் தெரிந்த அதே 2,900 சுற்று, றம்பொடை இறக்கத்தில் நட்டமாகத் தெரியும்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை அருவிப் பக்கம் வருவதற்குள் ஏறக்குறைய 900 மீற்றர் இறங்குகிறோம். 850 கிலோ காரை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கும்போது வெளியேறவேண்டிய சக்தி 75 இலட்சம் யூல். பள்ளிக்கூடக் கணக்குத்தான், என் மகன் போட்டுக் காட்டினான். 24 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதில் காற்றும் இயந்திரமும் எடுத்துக்கொள்வது போக மிச்சமெல்லாம் டிரம்மில்தான் சூடாக இறங்கும். 203 மில்லிமீற்றர் இரும்பு டிரம் 200 பாகை சூடேறினால் அதன் விட்டம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் விரியும். சப்பாத்து அந்தத் தூரத்தையும் எட்டிப்பிடிக்கவேண்டும், அதனால் பெடல் கீழே போகும்.

இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும், இரண்டும் காலுக்கு வேறுவேறாகத் தெரியும். லைனிங் சூடேறிக் கைவிட்டால் பெடல் கல்லுப்போல நிற்கும், கார் மட்டும் நிற்காது. கருகிய மணம் ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும். பிரேக் ஒயில் கொதித்துக் கைவிட்டால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். டொட் 3 வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில் கொதிக்கும். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பழசான அதே ஒயில் 140 பாகை அளவிலேயே கொதிக்கலாம். உங்கள் ஊரின் கடற்காற்றில் அது வேகமாக ஈரம் குடிக்கும். குழாய்களைக் கழற்றித்தான் இருக்கிறீர்கள். முழு ஒயிலையும் மாற்றிவிடுங்கள்.

மலைக்கு வருவதாக இருந்தால் இறக்கம் தொடங்கும் முன்னரே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: இயந்திரத்தின் பிடி முழுவதும் பின்சில்லில்தான் இறங்குகிறது. ஈரமான வளைவில் மேலிருந்து சட்டென்று கியரைக் குறைத்து கிளச்சை விட்டால், பிரேக்கைத் தொடாமலே பின்சில்லு பூட்டுப்பட்டதுபோல ஆகும். பின் பிரேக் ஏற்கெனவே கூடிப்போன காரில் அதோடு சேர்த்து மிதித்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் பிள்ளை சொல்லட்டும்.

கணக்குப் பிள்ளை எழுதியது:

சொல்லத் தேவையில்லை, நீங்களே சொல்லிவிட்டீர்கள். இயந்திரத்தின் பிடியையும் பின்பங்கோடு கூட்டியே பார்க்கவேண்டும். அதனால்தான் பின்பங்கைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தபிறகும், முன்னால் 1098 சீ.சீ. மைனரின் எட்டு அங்குலப் பிரேக்கை மாற்றுவது நல்லது என்பேன். 1962இல் இயந்திரத்தைப் பெரிதாக்கியபோது அவர்கள் முன் டிரம்மைத்தான் எட்டு அங்குலமாக்கினார்கள், பின்னால் ஏழையே விட்டுவைத்தார்கள். சிலிண்டர் துளை அதேதான் என்று வைத்துப் பார்த்தாலும் பின்பங்கு 28இலிருந்து 25 சதவீத அளவுக்கு இறங்கும். உங்கள் காலுக்கும் வேலை குறையும்.

இன்னொன்று: சில்லுத் துளைகளை ஒன்றாக்குவதற்காக டட்சன் டிரம்மில் 101.6 வட்டத்தில் புதிய துளைகள் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். பழைய துளைக்கும் புதிய துளைக்கும் இடையில் மிஞ்சும் இரும்பின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு ஸ்பெயார் சில்லையே சுமப்பேன்.

நல்லூர் மைனர் எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். 17.46 மில்லிமீற்றர் சிலிண்டர்கள் சோடியாகக் கிடைத்தன. பின்தட்டின் துளையில் சிக்கலில்லாமல் அமர்ந்தன. குழாய்களை இருபக்கமும் புதிதாகச் செய்வித்தேன்: சந்திப்பக்கம் அங்குல நட்டு, சிலிண்டர்ப்பக்கம் மில்லிமீற்றர் நட்டு. றப்பர் குழாய் நீளம் போதுமாக இருந்தது. ஒயில் முழுவதும் புதிது. பழையது தேநீர் நிறத்தில் வந்தது.

ஹாண்ட் பிரேக்கைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. வலப்பக்கம் இழுத்தது, இடப்பக்கம் சும்மா இருந்தது. அக்சிலில் டட்சனின் பிரிக்கும் லீவரையே வைத்துக்கொண்டு, மைனர் லீவரிலிருந்து ஒற்றைக் கேபிள் செய்வித்தபின் இரண்டும் சமமாகப் பிடிக்கின்றன. ஆனால் லீவரை முன்னரைவிட இரண்டு பல் கூடுதலாக இழுக்கவேண்டியிருக்கிறது.

நேற்றுக் காலை ஆறு மணிக்குக் கல்லுண்டாய் வெளியில், முன்னும் பின்னும் ஆளில்லாத நேரம் பார்த்து, தம்பியை வீதியோரத்தில் நிறுத்தி, நான்கு ரயர்களின் பக்கத்திலும் சோக்கால் கோடு போட்டு, முதலில் 30இலும் பிறகு 40, 50இலும் மிதித்துப் பார்த்தோம். 30இல் எதுவும் பூட்டுப்படவில்லை. 50இல் முழுப் பலத்தோடு மிதித்தபோது முன்சில்லுகளின் வெள்ளைக்கோடு நின்றுபோனது, பின்சில்லுகளினது கார் நிற்கும்வரை சுற்றிக்கொண்டேயிருந்தது என்று தம்பி சொன்னான். இறங்கிப் போய்ப் பார்த்தேன்: வீதியில் இரண்டு கறுப்புக் கோடுகள், இரண்டும் முன்சில்லினவை, இரண்டும் நேராக இருந்தன. எட்டு அங்குல முன் டிரம்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவை வந்து பொருத்தும்வரை நுவரெலியாப் பயணம் இல்லை.